மகளின் துணிப் படிப்பு: நாங்கள் பார்த்த இரண்டு கல்லூரிகள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று மாலை, அஸர் தொழுகை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஆடை மற்றும் நெசவியல் படிக்கப் போவதாக எங்கள் மூத்த மகள் சொன்னாள். வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். மருந்தியல், அது கிடைக்காவிட்டால் ஆசிரியப் பணிக்குக் கொண்டுபோகக்கூடிய ஓர் அறிவியல் பட்டம் என்று நாங்கள் இருவரும் மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். "தையல் படிக்கவா கல்லூரிக்குப் போக வேண்டும்? தெருமுனையில் இருக்கும் மாமி மூன்று மாதத்தில் பழக்கிவிடுகிறாரே" என்றோம். அவள் அழவில்லை. "தையல் வேறு, இது வேறு வாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்தச் சொல்லின் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அதற்கிடையில் ஒரு தொகையையும் இழந்தோம். இப்போது உறவுக்குள் இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் இதே படிப்பைக் கேட்பதால், அவர்களுடைய பெற்றோர் எங்களை அழைத்து விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

எங்கள் பூர்வீகம் பத்தமடை. பத்தமடைப் பாய் என்றால் அறியாதவர் நம்மில் குறைவு. தாமிரபரணிப் படுகையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பருத்தி நூலைப் பாவாகக் கட்டி நெய்வார்கள். மிக மெல்லிய பாயைத் துணிபோல மடித்து வைத்துவிடலாம். மணமக்களின் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாயும் உண்டு. அங்கே இந்தத் தொழிலைச் செய்துவருபவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பத்தார், அதிலும் பெண்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வாப்பும்மா தம் கண்பார்வை மங்கும்வரை நெய்தவர். அவருடைய ஐந்து பிள்ளைகளில் ஒருவரும் அந்தத் தொழிலைக் கற்கவில்லை. கூலி கட்டுபடியாகவில்லை என்பது காரணம். கற்றுக்கொடுக்க அவரும் விரும்பவில்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நாங்கள்தாம், நெசவைப் படிக்கக் கல்லூரி எதற்கு என்று கேட்டோம்.

ஒரு மாதம் வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. பிறகு நாங்களே இறங்கி வந்து, பேருந்தில் போய்வரும் தொலைவில் இருந்த ஒரு கல்லூரிக்கு அவளை அழைத்துச் சென்றோம். கண்ணாடி முகப்பு, குளிரூட்டிய அரங்கம், வரவேற்பறையில் பளபளக்கும் விளக்கக் கையேடு. ஆடை வடிவமைப்பு, நெசவியல், உள்ளக வடிவமைப்பு மூன்றும் ஒரே துறையின்கீழ் இருப்பதாகவும், அனைத்துக்கும் தனித்தனி ஆய்வகம் உண்டென்றும் கையேடு சொன்னது. ஆய்வகம் இருந்த மாடியை எங்களுக்குக் கீழிருந்து காட்டினார்கள். மகளிர் விடுதி, தொழுகைக்கு இடம், பேருந்து நேரம் ஆகியவற்றை விசாரித்தோம். எல்லாவற்றுக்கும் இனிமையான பதில். 15,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

வாப்பும்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்ன பார்த்துவிட்டு வந்தீர்கள்?" என்றார். கட்டடத்தைச் சொன்னோம், அரங்கத்தைச் சொன்னோம். "தறி இருந்ததா?" இருக்கிறதாம் என்றோம். "தறியில் பாவு ஏற்றியிருந்ததா?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. பாவு ஏற்றாத தறி வெறும் மரச்சட்டம், அதில் யாரும் நெய்யவில்லை என்று பொருள். இதை அவர் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மறுபடி போனோம். ஆய்வகத்தைத் திறந்து காட்டும்படி கேட்டோம். சாவி வைத்திருப்பவர் விடுப்பு என்றார்கள். மாலைவரை காத்திருப்போம் என்றதும் சாவி கிடைத்தது. உள்ளே பதினைந்து தையல் இயந்திரங்கள் உறை பிரிக்காமல் இருந்தன. மின்னிணைப்பு கொடுக்கப்படவில்லை. துணியின் வலிமையைச் சோதிக்கும் கருவியின் முகப்பில் ஒட்டி வந்த நெகிழித்தாள் அப்படியே இருந்தது. கைத்தறி ஒன்று சன்னலோரம் நின்றது. அதன்மேல் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்களுடன் வந்த உதவியாளர் நல்ல மனிதர். தாழ்ந்த குரலில், "பாய், ஆய்வுக் குழு வருகிற அன்றைக்குத்தான் இதைத் திறப்போம்" என்றார். சேர்க்கையைத் திரும்பப் பெற்றோம். முன்பணம் இன்றுவரை வரவில்லை. அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அதுபோல் வேறு எத்தனை இருக்கின்றனவோ என்பதே கவலை.

அந்த ஆண்டு வீணாகிவிடுமோ என்ற பதற்றத்தில் பல இடங்களை விசாரித்தோம். தரமணியில் 1995 முதல் இருக்கும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டின் சென்னை வளாகம் மகளின் கனவாக இருந்தது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு; பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விவரம் தெரியாததால் காலம் கடந்துவிட்டது. கட்டணமும் எங்கள் சக்திக்கு மேலேதான். கைத்தறியை மட்டும் ஆழமாகக் கற்க விரும்புவோருக்குச் சேலத்தில் 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இயந்திரவியல் சார்ந்து போக விரும்பினால் பொறியியல் கல்லூரிகளின் நெசவுத் தொழில்நுட்பத் துறைகள். இவை தவிர இன்னொரு பழைய வழியும் உண்டு, அது மனையியல். சமையலும் குழந்தை வளர்ப்பும்தான் மனையியல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். துணியும் ஆடையும் அதன் ஒரு கிளை, வீட்டை அமைப்பது இன்னொரு கிளை என்பது பிறகுதான் தெரிந்தது. கோவையில் 1957இல் தி. சு. அவினாசிலிங்கம் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி இந்தப் பாதையில் வளர்ந்து 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பெண்கள் உயர்கல்விக்காக நம் சமுதாயமும் சும்மா இருந்துவிடவில்லை. நீதிபதி பஷீர் அகமது சயீத் முன்னின்று நடத்திய அறக்கட்டளை 1955இலேயே சென்னையில் மகளிர் கல்லூரியைத் தொடங்கிவிட்டது.

இறுதியில் கோவைப் பகுதியில் பெண்களுக்கான ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அதன் பெயரையும் எழுதவில்லை, எழுதினால் விளம்பரம்போல் ஆகிவிடும். ஆனால் அங்கே பார்த்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

போனதும் முதல் கேள்வியாகத் தறியைக் கேட்டோம். பேராசிரியை வியப்போடு எங்களைப் பார்த்துவிட்டு அழைத்துப் போனார். நான்கு கைத்தறிகள், நான்கிலும் பாவு. ஒன்றில் ஒரு மாணவி பாதி நெய்த துணியோடு உட்கார்ந்திருந்தாள், தரையெல்லாம் நூல் துணுக்குகள். முந்தைய கல்லூரியின் தரை எவ்வளவு தூய்மையாக இருந்தது என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அடுத்தது சோதனைக்கூடம். கதவில் வெப்பநிலையும் ஈரப்பதமும் எழுதி மாட்டியிருந்தார்கள்: 27 பாகை செல்சியஸ், 65 விழுக்காடு. இந்திய முறைப்படி துணியைச் சோதிக்க வேண்டிய சூழல் அது. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தன் உலர் எடையில் எட்டரை விழுக்காடு அளவுக்கு நீர் அதில் இயல்பாகவே இருக்கும். பாலியெஸ்டரில் அரை விழுக்காடுகூட இராது. நனைந்தால் பருத்தி நூலின் வலிமை கூடும், விஸ்கோஸ் நூலின் வலிமை குறையும். ஆகவே மழைநாளில் ஓர் எண்ணும் கோடையில் வேறோர் எண்ணும் வந்தால் சோதனைக்கு மதிப்பில்லை. அந்த அறையின் குளிர்சாதனம் மனிதர்களுக்காக ஓடுவதில்லை, துணிக்காக ஓடுகிறது என்று பேராசிரியை சொன்னார். அரங்கத்தின் குளிர்சாதனத்தைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டியவர்கள் நாங்கள்.

வட்டமாகத் துணியை வெட்டும் கருவி ஒன்று இருந்தது. அது எப்போதும் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும். அந்தத் துண்டை நிறுத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. திருப்பூரில் பின்னலாடை பேசுபவர்கள் 'ஜி.எஸ்.எம். எவ்வளவு' என்று கேட்பது இதைத்தான். சாயம் போகுமா என்று பார்க்க, வெள்ளைத் துணி சுற்றிய ஒரு விரலை இயந்திரம் பத்துமுறை தேய்க்கிறது, உலர்வாக ஒருமுறை, ஈரமாக ஒருமுறை. வெள்ளையில் ஏறிய கறையைச் சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்துவரை தரம் போடுகிறார்கள். பெருநாளுக்கு வாங்கிய கறுப்புப் புர்கா முதல் சலவையிலேயே வீட்டுத் துணிகளையெல்லாம் நீலமாக்கிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு! கடையில் ஒரு நிறமாகவும் வாசலுக்கு வந்தால் வேறு நிறமாகவும் தெரியும் துணிக்கும் அங்கே ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் பகலொளி, கடைவிளக்கு என மாற்றி மாற்றி எரியவிட்டுப் பார்க்கலாம்.

தையல் கூடத்தில் ஆலைகளில் உள்ள அதே இயந்திரங்கள். நிமிடத்துக்கு 5,000 தையல்வரை ஓடக்கூடியவை என்றார்கள். வீட்டு இயந்திரத்தில் பழகிய பெண் அதில் உட்கார்ந்தால் முதல் நாள் துணி கையைவிட்டு ஓடிவிடுமாம். நின்றபடியே வரையவும் வெட்டவும் இடுப்பு உயரத்தில் நீண்ட மேசைகள். தெருமுனை மாமியின் கைத்திறனைக் குறைத்துச் சொல்லவில்லை, எங்கள் வீட்டுப் பெருநாள் உடுப்புகள் இன்றும் அவர் கையால்தான். ஆனால் ஒரே அளவை ஒன்பது அளவாகப் பெருக்கி, ஆயிரம் சட்டைக்குத் துணி வீணாகாமல் வார்ப்புகளை அடுக்குவது வேறு கல்வி.

அந்தக் கூடத்தில்தான் எங்களுக்கு ஒரு தயக்கமும் வந்தது. ஓரத்தில் மனித உடல் வடிவப் பொம்மைகள் வரிசையாக நின்றன. துணியை அவற்றின்மேல் சுற்றி, குத்தூசியால் பொருத்தி, வெட்டிப் பழகுவார்கள். (அதற்குப் பயன்படும் வெளுக்காத பருத்தித் துணியை மஸ்லின் என்கிறார்கள். அந்தப் பெயர் ஈராக்கின் மோசுல் நகரத்திலிருந்து வந்தது என்பர்.) உருவம் சமைப்பது பற்றிய மார்க்க எச்சரிக்கை நினைவில் இருந்ததால் மனம் உறுத்தியது. ஊருக்கு வந்ததும் எங்கள் பள்ளியின் இமாமிடம் கேட்டோம். பொம்மைக்குத் தலை இருக்கிறதா என்றார். இல்லை, கழுத்தோடு நின்றுவிடுகிறது, கைகளும் இல்லை என்றோம். தலையில்லாதது உருவம் என்ற கணக்கில் வராது என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டி, கல்விக்கான கருவியாக அதைப் பயன்படுத்துவதில் தடையில்லை என்றார். ஆடை வரைபடங்களில் முகம் வரைவதைப் பற்றி மகளே பேராசிரியையிடம் பேசிக்கொண்டாள். அவர் மாற்று மதத்தவர், "ஆடையைத்தான் நான் திருத்துவேன், முகத்தை வெற்றாக விட்டுவிடு. அப்படி வரைபவர்கள் நிறையப் பேர்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இதற்காகவே படிப்பை மறுத்துவிடலாமா என்று ஓர் இரவு முழுதும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். லுஹருக்குச் சாயக்கூடத்தை ஒட்டிய பண்டக அறையில் இடம் ஒதுக்கித் தந்தார்கள்.

குறைகளும் உண்டு. கணினி வரைகலைக்கு இருபத்தைந்து மாணவியருக்குப் பத்துக் கணினிகள். மேலே சொன்ன விளக்குப் பெட்டியில் ஒரு குழல் விளக்கு பழுதாகி ஒரு பருவம் முழுதும் அப்படியே கிடந்தது. துணி, நூல், வரைதாள், கத்தரி எல்லாம் நம் செலவு. கல்விக் கட்டணத்தைத் தவிர ஒவ்வொரு பருவத்துக்கும் இதற்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இரண்டாம் ஆண்டு நோன்பு விடுமுறையில் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. எங்களில் வாப்பா என்று அழைக்கப்படுபவர், தம் நிக்காஹ் அன்று மாமனார் வீட்டில் கொடுத்த சந்தன நிறச் சட்டையை இருபத்திரண்டு ஆண்டுகளாக அணியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தார். பட்டுத்துணியோ என்ற ஐயம். ஆண்கள் பட்டணிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். செயற்கைப் பட்டுக்கு அந்தத் தடை இல்லை என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து. ஆனால் எது பட்டு, எது செயற்கை என்பதைக் கடைக்காரர் சொல்வதை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்? மகள் சட்டையின் உள்தையலிலிருந்து இரண்டு நூலை உருவினாள். இடுக்கியில் பிடித்து நெருப்புக்கு அருகே கொண்டுபோனாள். நூல் சுருங்கி விலகியது, உருகிச் சொட்டியது, ஆறியதும் நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு மணியாகிவிட்டது. "பாலியெஸ்டர் வாப்பா" என்றாள். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வந்திருக்கும், சாம்பல் விரலில் பொடிந்திருக்கும். பருத்தியானால் காகிதம் எரியும் மணமும் மெல்லிய சாம்பலும். கலப்பு நூலில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்றும் சொன்னாள். ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். பருத்தியிழை முறுக்கிய நாடாபோலத் தெரியுமாம். 75 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தில் போட்டால் பருத்தி கரைந்து பாலியெஸ்டர் மிஞ்சும். மிஞ்சியதை நிறுத்துக் கலப்பின் அளவைச் சொல்லிவிடலாம். வேதியியல் மதிப்பெண் வீணாகிறதே என்று நாங்கள் வருந்தியது நினைவுக்கு வந்தது. அந்தப் பெருநாளுக்கு வாப்பா இருபத்திரண்டு ஆண்டுப் பழைய புதுச்சட்டையில் தொழப் போனார். பொத்தான்தான் போடமுடியவில்லை, மேலே ஒரு சால்வை. உம்மாவின் நிக்காஹ் புடவையையும் சோதிக்கலாம் என்று மகள் கை நீட்டியபோது உம்மா பெட்டியைப் பூட்டிவிட்டார். அசல் காஞ்சிப் பட்டு என்று நம்பி வாங்கியது, அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

உள்ளக வடிவமைப்பை அவள் துணைப் பாடமாகத்தான் எடுத்தாள். அந்தப் பிரிவின் அறையில் ஓடு, ஒட்டுப்பலகை, திரைத்துணி, மெத்தைத்துணி எனச் சுவர் முழுதும் மாதிரிகள். தொட்டுப் பார்த்துத் தேர்ந்து கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாதிரிச் சமையலறையில் மேடையின் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி இருந்தது. அந்தப் பாடத்துக்காக வீட்டில் எல்லாருடைய முழங்கை உயரத்தையும் அளந்தாள். சமையல் மேடை முழங்கைக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோளும் முதுகும் நோகாதாம். உம்மாவின் முழங்கை 94 சென்டிமீட்டரில் இருந்தது, எங்கள் வீட்டு மேடையோ 91. வீடு கட்டியபோது கொத்தனார் எல்லா வீட்டுக்கும் வைக்கும் உயரத்தை வைத்தார், நாங்களும் கேட்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக உம்மா தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மேடையை இடிக்க வசதியில்லை. ஒரு சாண் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் உயர மரப்பலகை செய்து தரையில் போட்டாள், அதன்மேல் நின்றே இப்போது சமையல். முதல் வாரம் தடுக்கிவிழப் பார்த்து, பலகையை இரண்டு சாண் அகலமாக்கினோம்.

வாப்பும்மா சென்ற ஆண்டு மறுமையை நோக்கிப் பயணமாகிவிட்டார். அவர் கடைசியாக நெய்த பாய் ஒன்று வீட்டில் இருந்தது. இறுதியாண்டு ஆய்வுக்கு மகள் அதைக் கோவைக்கு எடுத்துச் சென்றாள். ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு நூல் என்று உருப்பெருக்கியின் கீழ் எண்ணினாள். ஓரத்துக்கு ஓரம் எண்ணிக்கை மாறவில்லையாம். வலிமைச் சோதனைக்குத் துண்டு வெட்ட வேண்டும் என்றபோது தன்னால் முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். வெட்டாதே என்றோம். பேராசிரியை பத்தமடையிலிருந்து புதுப்பாய் ஒன்று வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். வாங்கப் போனபோது நெய்துகொண்டிருந்த பெண்ணிடம் விலையைக் கேட்டு, அவர் சொன்னதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தோம். எங்கள் குடும்பம் அந்தத் தெருவில் யாரிடமும் பேரம் பேசாமல் வாங்கியது அன்றுதான் முதல்முறை.

மகள் இப்போது திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் தரச் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். சம்பந்தம் பேச வருபவர்கள் படிப்பைக் கேட்டுவிட்டு "தையலா?" என்கிறார்கள். நாங்கள் பொறுமையாக விளக்குகிறோம்.

இந்த ஆண்டு எங்கள் இளைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு. உள்ளக வடிவமைப்புப் படிக்க வேண்டுமாம். ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று அவனுடைய பெரியப்பா கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. நுழைவுத் தேர்வுக்கான கடைசி நாளைக் குறித்து வைத்துவிட்டோம். அடுத்த மாதம் மூன்று கல்லூரிகளைப் பார்க்கப் போகிறோம். வேலை நாளாகப் பார்த்து, மாணவர்கள் ஆய்வகத்தில் இருக்கும் நேரமாகக் கேட்டுப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். துஆ செய்யுங்கள்.